கொலஸ்ட்ரால் அதிகம் என்று ரிப்போர்ட் வந்தால்: எங்கே தொடங்குவது, எதையெல்லாம் நம்பக் கூடாது

'மொத்த கொலஸ்ட்ரால் 236' என்ற வரி ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் இருக்கிறது. சிலர் அன்றைக்கே முட்டையை நிறுத்திவிடுகிறார்கள். சிலர் "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று தாளை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் மூன்று மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, எண் இறங்கியதும் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். இந்த மூன்றில் அதிகக் கெடுதல் செய்வது கடைசியில் சொன்னதுதான், ஏனென்றால் அவர்கள் சிகிச்சை எடுத்துக்கொண்டதாகவே நம்பிக்கொண்டிருப்பார்கள்.

அதிக கொலஸ்ட்ரால் வலி தராது, தலை சுற்ற வைக்காது. 'கெட்ட கொலஸ்ட்ரால்' என்று சொல்லப்படும் எல்டிஎல் துகள்கள் வருடக்கணக்கில் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து தங்கி, அங்கே தடிப்பை உண்டாக்குகின்றன. சிலருக்கு முதல் அறிகுறியே மாரடைப்புதான். எல்டிஎல் எவ்வளவு உயரமாக இருந்தது, எத்தனை வருடம் அப்படி இருந்தது என்ற இரண்டும் சேர்ந்தே சேதத்தின் அளவைத் தீர்மானிக்கின்றன. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்து பிறப்பவை.

படி 1: மொத்த எண்ணை விட்டுவிட்டு உள்ளே பாருங்கள்

இங்கே தரும் எண்கள் எல்லாம் மி.கி./டெ.லி. அளவில். உங்கள் லேப் மில்லிமோல்/லிட்டரில் கொடுத்திருந்தால் கொலஸ்ட்ரால் எண்களை 38.7ஆலும், டிரைகிளிசரைடை 88.6ஆலும் பெருக்கிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டுப் பெருக்கிக் குழம்புகிறவர்கள் நிறைய.

ரிப்போர்ட்டில் நான்கு வரிகள் முக்கியம்: மொத்த கொலஸ்ட்ரால், எல்டிஎல், எச்டிஎல் ('நல்ல கொலஸ்ட்ரால்'), டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு). பல லேப்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறார்கள். பழைய சூத்திரம் இது: மொத்த கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லைக் கழித்து, டிரைகிளிசரைடை 5ஆல் வகுத்து அதையும் கழிக்க வேண்டும். மொத்தம் 236, எச்டிஎல் 44, டிரைகிளிசரைடு 160 என்றால் 236 − 44 − 32, அதாவது எல்டிஎல் 160. டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரம் செல்லாது. மாத்திரை சாப்பிட்டு எல்டிஎல் 70க்குக் கீழே இறங்கியவருக்கு டிரைகிளிசரைடு கூடுதலாக இருந்தால், உண்மையை விடக் குறைவான எண்ணைக் காட்டி ஏமாற்றும்.

அதனால் பேனாவை எடுத்து இன்னொரு எண்ணையும் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழித்தால் வருவது நான்-எச்டிஎல். மேலே உள்ள ரிப்போர்ட்டில் 192. ரத்தக்குழாயில் படியக்கூடிய துகள்கள் சுமக்கும் கொலஸ்ட்ரால் அத்தனையும் இதில் அடங்கும், சாப்பிட்டிருந்தாலும் பெரிதாக மாறாது. இதற்கான இலக்கு எல்டிஎல் இலக்கைவிட 30 கூடுதல், அவ்வளவுதான்.

"நல்ல கொலஸ்ட்ரால் 70 இருக்கு, அது கெட்டதைச் சமன் செய்துவிடும்" என்பது பலரும் நம்பும் கணக்கு. எச்டிஎல் குறைவாக இருப்பது ஆபத்தின் அடையாளம் என்பது உண்மை. ஆனால் மருந்தால் அதை ஏற்றினால் பாதுகாப்பு கூடும் என்பது நிரூபணமாகவில்லை. எச்டிஎல்லை நன்றாக உயர்த்திய டோர்செட்ராபிப் என்ற மருந்தின் சோதனையில் இறப்புகள் கூடியதால் 2006இல் அதை நிறுத்தினார்கள். நியாசினை (வைட்டமின் பி3) கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வுகளும் பலன் காட்டவில்லை. எச்டிஎல்லை ஆபத்தைக் கணக்கிடப் பயன்படுத்தலாம். எல்டிஎல்லிலிருந்து கழிக்க முடியாது.

படி 2: எண் உண்மையானதா என்று உறுதி செய்யுங்கள்

வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலானவர்களுக்கு இல்லை. சாப்பிட்டுவிட்டு எடுத்ததில் டிரைகிளிசரைடு 400க்கு மேல் வந்தால் மட்டும் 9 முதல் 12 மணி நேரம் பட்டினி இருந்து மறுபடி எடுங்கள். தண்ணீர் குடிக்கலாம்.

கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, மாரடைப்பு இவற்றுக்குப் பிறகு சில வாரங்களுக்கு எல்டிஎல் வழக்கத்தைவிட இறங்கியிருக்கும். அப்போது எடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்து "எனக்கு கொலஸ்ட்ரால் இல்லை" என்று முடிவுகட்ட வேண்டாம். கர்ப்ப காலத்தில் இயல்பாகவே ஏறும். அதை வைத்தும் முடிவெடுக்கக் கூடாது.

அடுத்து, வேறு ஏதாவது காரணம் எண்ணை ஏற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தால் எல்டிஎல் ஏறும். தைராய்டைச் சரிசெய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிற ஆட்கள் உண்டு. சிறுநீரில் புரதம் கசிவது, பித்தநீர் ஓட்டம் தடைபடுவது, ஸ்டீராய்டு மாத்திரை, முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோய், மது ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும். ஆகவே மாத்திரை தொடங்குவதற்கு முன் தைராய்டுக்கான டிஎஸ்எச், சர்க்கரைக்கான எச்பிஏ1சி, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், கல்லீரலுக்கான ஏஎல்டி, சிறுநீர்ப் புரதம் ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.

வாழ்நாளில் ஒரே ஒரு தடவை எடுத்தால் போதும் என்கிற டெஸ்ட் ஒன்று உண்டு: லிப்போபுரோட்டீன்-ஏ. இது பெரும்பாலும் பரம்பரையால் தீர்மானிக்கப்படுவது, உணவாலோ உடற்பயிற்சியாலோ அசையாது. 50 மி.கி./டெ.லி.க்கு மேல் இருந்தால், மற்ற எண்கள் சாதாரணமாகத் தெரிந்தாலும் ஆபத்து கூடுதல் என்று பொருள்.

படி 3: உங்களுக்கான இலக்கைக் கண்டுபிடியுங்கள்

ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் அச்சிட்டிருக்கும் 'நார்மல் அளவு' எல்லோருக்கும் பொதுவானது. அங்கேதான் பெரிய குழப்பம் தொடங்குகிறது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த ஒருவருக்கு எல்டிஎல் 105 என்று வருகிறது. 130க்குக் கீழே இருப்பதால் லேப் அதற்கு எந்த அடையாளமும் போடவில்லை. அவரும் நிம்மதியாக இருக்கிறார். ஆனால் அவருடைய இலக்கில் ஏறக்குறைய இரு மடங்கில் நிற்கிறார்.

ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2019 வழிகாட்டுதலில் இலக்குகள் இப்படி இருக்கின்றன: மாரடைப்போ, அடைப்பால் வந்த பக்கவாதமோ ஏற்கெனவே கண்டவர்களுக்கு 55க்குக் கீழே, அதோடு தொடக்க எண்ணிலிருந்து பாதியாவது குறைந்திருக்க வேண்டும். அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு 70க்குக் கீழே. நடுத்தர ஆபத்துக்கு 100, குறைந்த ஆபத்துக்கு 116. வழிகாட்டுதலுக்கு வழிகாட்டுதல் எண்கள் கொஞ்சம் மாறும். ஆபத்து கூடக்கூட இலக்கு இறங்கும் என்பது மாறாது.

நீங்கள் எந்த வகை என்பதை வயது, பாலினம், ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், சர்க்கரை நோய், சிறுநீரகம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு (ஆண்களில் 55க்கு முன், பெண்களில் 65க்கு முன்) ஆகியவற்றை வைத்து டாக்டர் கணக்கிடுவார். எல்டிஎல் 160 உள்ள, புகைக்காத 35 வயதுக்காரருக்கு உணவு மாற்றத்தோடு சில மாதம் பொறுத்துப் பார்க்கலாம். அதே 160 சர்க்கரை நோயுள்ள, புகைக்கிற 58 வயதுக்காரருக்கு என்றால் மாத்திரையைத் தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு டாக்டர் மாத்திரை தரவில்லை, எனக்கு மட்டும் ஏன் தந்தார் என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று இரண்டுங்கெட்டான் நிலையில் இருந்தால், இதயக் குழாய்களில் கால்சியம் படிவை அளக்கும் சிடி ஸ்கேன் முடிவெடுக்க உதவும். அளவு பூஜ்யம் என்று வந்து, புகைப்பழக்கமும் சர்க்கரை நோயும் இல்லையென்றால் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம். ஸ்டேட்டின் ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் இதைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் பயனில்லை. சிகிச்சை நன்றாக வேலை செய்யும்போதும் கால்சியம் எண் ஏறலாம்.

படி 4: உணவில் எது எண்ணை நகர்த்துகிறது

முட்டையில் தொடங்கிவிடலாம், எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். ஒரு மஞ்சள் கருவில் சுமார் 185 மி.கி. கொலஸ்ட்ரால் இருக்கிறது. ஆனால் ரத்தத்தில் சுற்றும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி உடம்பே தயாரிப்பது. உணவில் வரும் கொலஸ்ட்ராலைவிட எல்டிஎல்லை அதிகம் ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு. அது கல்லீரலின் மேற்பரப்பில் எல்டிஎல்லைப் பிடித்து இழுக்கும் ஏற்பிகளைக் குறைத்துவிடுகிறது, எல்டிஎல் ரத்தத்திலேயே தேங்குகிறது. முட்டையை நிறுத்திவிட்டு வெண்ணெயும் பாமாயிலும் தேங்காய் எண்ணெயும் கொழுப்பு மிகுந்த இறைச்சியும் அப்படியே தொடர்ந்தால் அடுத்த ரிப்போர்ட்டில் ஒன்றும் மாறியிருக்காது.

எண்ணெய் பாட்டிலில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பெரிதாகப் போட்டிருப்பதற்கும் மதிப்பில்லை. எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லிக்கொள்ளும்படி கொலஸ்ட்ரால் கிடையாது. திருப்பிப் பின்பக்க அட்டவணையில் 100 கிராமுக்கு நிறைவுற்ற கொழுப்பு எத்தனை கிராம் என்று பாருங்கள். தேங்காய் எண்ணெயில் அது 80 கிராமுக்கு மேல், சூரியகாந்தி எண்ணெயில் 10 கிராம் சுற்றுவட்டாரம்.

கொழுப்பைக் குறைத்த இடத்தில் எதை வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். நிறைவுறாத எண்ணெய்கள், கொட்டைகள், பருப்பு வகைகள் வந்தால் எல்டிஎல் இறங்கும். அந்த இடத்தை வெள்ளை மாவும் சர்க்கரையும் பிடித்துக்கொண்டால் டிரைகிளிசரைடு ஏறும். கரையும் நார்ச்சத்து (ஓட்ஸ், பார்லி, பயறுகள், ஆப்பிள்) தினம் 5 முதல் 10 கிராம் சேர்ந்தால் எல்டிஎல் சுமார் 5 சதவீதம் குறையும். வடிகட்டாமல் கொதிக்கவைத்த காபியை நாளெல்லாம் குடிக்கிறவர்கள் காகித வடிகட்டிக்கு மாறிப் பாருங்கள். எல்டிஎல்லை ஏற்றும் கஃபெஸ்டால் காகிதத்தில் தங்கிவிடும்.

கறாராகக் கடைப்பிடித்தால் உணவு மாற்றத்தால் 10 முதல் 20 சதவீதம் எல்டிஎல் இறங்கலாம். நடைப்பயிற்சியும் எடைக் குறைப்பும் டிரைகிளிசரைடு, ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கு நல்ல பலன் தரும், எல்டிஎல்லை அதே அளவு குறைப்பதில்லை. ஒல்லியானவர்களுக்கும், அசைவமே தொடாதவர்களுக்கும் எல்டிஎல் 190 வருவதுண்டு. அதற்கு அவர்களுடைய வாயைக் குறை சொல்லிப் பயனில்லை, ஜீனைப் பார்க்க வேண்டும்.

பூண்டு மாத்திரை, மஞ்சள், மீன் எண்ணெய், லவங்கப்பட்டை பற்றி ஒரு வரி. 2022இல் வெளியான ஓர் ஆய்வில் ரோசுவாஸ்டேட்டின் 5 மி.கி.யை ஆறு வகைத் துணைப்பொருள்களோடு 28 நாள் ஒப்பிட்டார்கள். ஸ்டேட்டின் எல்டிஎல்லை ஏறக்குறைய 38 சதவீதம் குறைத்தது. மற்ற ஆறில் ஒன்றும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. இதில் சிவப்பு ஈஸ்ட் அரிசி மட்டும் தனி ரகம்: அதில் இருக்கும் மோனகோலின்-கே என்பது லோவாஸ்டேட்டின் என்ற மருந்தேதான். எந்தப் புட்டியில் எவ்வளவு இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஸ்டேட்டின் வேண்டாம் என்று இதற்குப் போகிறவர்கள் அளவு தெரியாத ஸ்டேட்டினைத்தான் சாப்பிடுகிறார்கள்.

படி 5: மாத்திரையைப் புரிந்துகொண்டு சாப்பிடுங்கள்

ஸ்டேட்டின் கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாரிப்பைக் குறைக்கிறது. கல்லீரல் தன் தேவைக்காகக் கூடுதல் ஏற்பிகளை வெளியே நீட்டி ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. எல்டிஎல் ஒவ்வொரு 39 மி.கி./டெ.லி. குறையும்போதும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது.

அளவை இரட்டிப்பாக்கினால் பலனும் இரட்டிப்பாகும் என்ற எண்ணம் தவறு. ஒவ்வொரு முறை இரட்டிப்பாக்கும்போதும் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 6 சதவீதம்தான். எல்டிஎல் 160, இலக்கு 70க்குக் கீழே என்று வைத்துக்கொள்வோம். அடோர்வாஸ்டேட்டின் 40 மி.கி. அதைப் பாதியாக்கி 80 சுற்றுவட்டாரத்துக்குக் கொண்டுவரும். 80 மி.கி.க்கு ஏற்றினால் 72 போல வரும், இலக்கு தொட்டும் தொடாமல் நிற்கும். 40 மி.கி.யோடு எசெட்டிமைப் 10 மி.கி. சேர்த்தால், அது குடலில் உறிஞ்சலைத் தடுத்து மிச்சத்தில் இன்னும் 20 சதவீதம் குறைக்கும்: 64. டாக்டர் இரண்டாவது மாத்திரை எழுதினால் நோய் முற்றிவிட்டது என்று பயப்பட வேண்டாம், அவர் இந்தக் கணக்கைத்தான் போட்டிருப்பார். அதுவும் போதாதவர்களுக்கு பெம்பிடோயிக் அமில மாத்திரை, பிசிஎஸ்கே9 என்ற புரதத்தைத் தடுக்கும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி, தொடக்கத் தவணைகளுக்குப் பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் இன்கிளிசிரான் என்று அடுத்த கட்டங்கள் இருக்கின்றன.

ராத்திரிதான் சாப்பிட வேண்டுமா? சிம்வாஸ்டேட்டின் உடம்பில் சில மணி நேரமே தங்கும், ஆகவே அதை இரவில். அடோர்வாஸ்டேட்டினும் ரோசுவாஸ்டேட்டினும் நீண்ட நேரம் தங்குபவை, மறக்காமல் சாப்பிட முடிகிற நேரமே அவற்றுக்கு நல்ல நேரம். ஒரு வேளை விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.

வேறு டாக்டரிடம் போகும்போது ஸ்டேட்டின் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். கிளாரித்ரோமைசின் (ஆன்டிபயாடிக்), இட்ராகோனசோல் (பூஞ்சைத் தொற்றுக்கான மருந்து) போன்றவை சிம்வாஸ்டேட்டின், அடோர்வாஸ்டேட்டின் அளவை ரத்தத்தில் ஏற்றித் தசையைப் பாதிக்கலாம். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவருக்கு சிம்வாஸ்டேட்டின் 20 மி.கி.யைத் தாண்டக் கூடாது. டிரைகிளிசரைடைக் குறைக்கும் ஜெம்ஃபைப்ரோசிலை ஸ்டேட்டினோடு சேர்ப்பதைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பம் திட்டமிடுகிற பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும். பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார்.

படி 6: பக்கவிளைவு வந்தால், அல்லது வந்ததாகத் தோன்றினால்

பக்கவிளைவு வருகிறது என்று ஸ்டேட்டினை நிறுத்திய 60 பேரை வைத்து 2020இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு வருடத்துக்கான புட்டிகள்: நான்கு மாதம் ஸ்டேட்டின், நான்கு மாதம் அச்சு அசலாக அதே போன்ற வெற்று மாத்திரை, நான்கு மாதம் காலிப் புட்டி, எல்லாம் மாறி மாறி. தினமும் தொந்தரவுக்கு 100க்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டார்கள். மாத்திரை இல்லாத மாதங்களில் சராசரி 8. ஸ்டேட்டின் மாதங்களில் 16.3. வெற்று மாத்திரை மாதங்களில் 15.4! தொந்தரவு பொய்யில்லை, அவர்கள் உண்மையிலேயே அவதிப்பட்டார்கள். ஆனால் அதில் பெரும்பகுதியை உண்டாக்கியது மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற எதிர்பார்ப்பு. முடிவைக் காட்டியதும் அவர்களில் பாதிப் பேர் மறுபடி தொடங்கினார்கள்.

உண்மையான ஸ்டேட்டின் தசை வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும், தொடை, இடுப்பு, தோள் போன்ற பெரிய தசைகளில், தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில வாரங்களுக்குள். ஒரே ஒரு முழங்கால் வலித்தால் மாத்திரையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் தசைச் சேதத்தைக் காட்டும் சிகே ரத்தப் பரிசோதனை எடுக்கலாம். அதற்கு முன் இரண்டு மூன்று நாள் கடும் உடற்பயிற்சி வேண்டாம், அதுவே எண்ணை ஏற்றிவிடும். டிஎஸ்எச்சையும் சேர்த்துப் பாருங்கள்.

பிறகு டாக்டரிடம் கேட்டுக்கொண்டு இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்திப் பார்ப்பது வழக்கம். வலி போகவில்லையென்றால் காரணம் வேறு. போய்விட்டால் குறைந்த அளவிலோ, வேறு ஸ்டேட்டினிலோ, ஒருநாள் விட்டு ஒருநாளோ மறுபடி தொடங்கலாம். இப்படி முயன்றவர்களில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு ஸ்டேட்டினில் நிலைத்துவிடுகிறார்கள். சிறுநீர் கறுத்த நிறத்தில் போய், தசை கடுமையாக வலித்துப் பலவீனமானால் மட்டும் காத்திருக்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது மிக அரிது, ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது.

கல்லீரல் பயம் பெரும்பாலும் தேவையற்றது. ஏஎல்டி உச்ச வரம்பைப் போல மூன்று மடங்கைத் தாண்டி, மறுபரிசோதனையிலும் அப்படியே இருந்தால்தான் மாத்திரையை மறுபரிசீலனை செய்ய வேண்டும். கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பது ஸ்டேட்டினுக்குத் தடையில்லை. அவர்களுக்கு இதய ஆபத்து கூடுதல் என்பதால் இன்னும் தேவை. சர்க்கரையைப் பொறுத்தவரை ஸ்டேட்டின் கொஞ்சம் ஏற்றுவது உண்மை, அது பெரும்பாலும் ஏற்கெனவே எல்லையில் இருப்பவர்களைத்தான் அந்தப் பக்கம் தள்ளுகிறது. அவர்களுக்கும் மாரடைப்பைத் தடுக்கும் லாபமே பெரிது. எச்பிஏ1சி பார்த்துக்கொண்டே தொடரலாம்.

படி 7: திரும்ப எடுங்கள், நிறுத்தாதீர்கள்

தொடங்கிய அல்லது அளவு மாற்றிய 4 முதல் 12 வாரத்தில் மறுபரிசோதனை. இலக்கு வந்த பிறகு வருடத்துக்கு ஒருமுறையாவது. எதிர்பார்த்த அளவு இறங்கவில்லையென்றால் முதலில் மாத்திரை அட்டையில் எத்தனை மிச்சமிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அளவு போதவில்லை என்பதைவிட வேளை விட்டுப்போவதே காரணமாக இருப்பதுண்டு.

எல்டிஎல் 60 வந்ததும் அந்த 60 மாத்திரையோடு சேர்ந்த எண் என்பது மறந்துபோகிறது. நிறுத்தினால் சில வாரங்களில் பழைய 160 வந்துவிடும், வெளியே எதுவும் தெரியாது. ரொம்பக் குறைந்தால் மூளைக்குக் கெடுதல் என்ற பயமும் நிறுத்த ஒரு சாக்கு. மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே தயாரித்துக்கொள்கிறது. 2017இல் வெளியான எவோலோகுமாப் (ஒரு பிசிஎஸ்கே9 ஊசி) ஆய்வில் எல்டிஎல்லின் இடைநிலை 30க்கு இறங்கியும் நினைவாற்றலில் குறை எதுவும் தெரியவில்லை.

டிரைகிளிசரைடு 500ஐத் தாண்டினால் அது வேறு பாதை. கணைய அழற்சி அபாயம் இருப்பதால் மது, சர்க்கரை, கட்டுப்பாடில்லாத நீரிழிவு மூன்றையும் உடனே கவனிக்க வேண்டும்.

வீட்டில் மற்றவர்கள்

மாத்திரை இல்லாமலே எல்டிஎல் 190க்கு மேல் வந்தால், குதிகாலின் தசைநார் தடித்திருந்தால், 45 வயதுக்கு முன்பே கருவிழியைச் சுற்றி வெண்வளையம் தெரிந்தால், பரம்பரை அதிக கொலஸ்ட்ராலாக இருக்கலாம். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு, அதனால் அபூர்வ நோய் என்று தள்ளிவிட முடியாது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் லிப்பிட் டெஸ்ட் எடுங்கள். பெரியவர்களாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இந்த நோய் உள்ள பிள்ளைகளுக்கு 8 முதல் 10 வயதிலேயே ஸ்டேட்டின் தொடங்குவது வழக்கத்தில் உள்ளது. டெஸ்டுக்கு அழைத்துப் போகும்போது உங்கள் மாத்திரைக்கு முந்தைய ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துப் போங்கள், குழந்தை மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.